பனியாறு பின்வாங்கினால் அடியில் இருக்கும் நீர் எங்கே போகிறது? துருவப் பகுதி நிலத்தடி நீர் பற்றி ஒரு கேள்வி

நீலவானம்:
வணக்கம் நண்பர்களே. ஒரு வாரமாக ஒரே கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. பனியாறு உருகினால் கடல்மட்டம் உயரும் என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் உருகும் நீரெல்லாம் நேராகக் கடலுக்குத்தான் போகுமா? ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்காதா? இறங்கினால் ஆர்க்டிக்கிலும் அண்டார்க்டிகாவிலும் நிலத்தடி நீர் பெருகத்தானே வேண்டும்?

தேடிப் படித்ததில் குழப்பம்தான் கூடியது. ஒருவர் நிலத்தடி நீர் குறையும் என்கிறார். இன்னொருவர் பனியாறு விலகிய இடத்தில் புதிய ஊற்று கிளம்புகிறது என்கிறார். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மழைக்குருவி:
என் கணிப்பு: பெருகும். அதற்கு அளந்த சான்றே இருக்கிறது. அலாஸ்காவில் ஜார்விஸ் கிரீக் என்று ஓர் ஓடை, மலைமேல் இருக்கும் பனியாற்றிலிருந்து கிளம்புகிறது. 2017இல் வெளியான ஆய்வுப்படி, சமவெளிக்கு வருவதற்குள் அந்த ஓடை ஓர் ஆண்டில் சுமக்கும் நீரில் ஏறக்குறைய பாதி மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. அது நிலத்தடி வழியாகப் போய்ப் பெரிய ஆற்றின் குளிர்கால ஓட்டத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. உருகல் கூடக் கூட இறங்கும் நீரும் கூடும். பனியாறு முழுதாகத் தீர்ந்துபோன பிறகு குறையும், அது வேறு கதை.

படிவுப்பாறை:
மழைக்குருவி சொன்னது அலாஸ்காவின் உட்பகுதிக்குச் சரி. அங்கே உறைநிலம் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது, இடையில் நீர் இறங்க வழி உண்டு. அதை அப்படியே ஸ்வால்பார்டுக்கோ (ஆர்க்டிக்கில் நார்வேயின் தீவுக்கூட்டம்) வட கிரீன்லாந்துக்கோ கொண்டுபோகக் கூடாது. நீலவானத்தின் குழப்பம் பிறப்பதே இங்கேதான்.

கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது 0 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருக்கும் நிலத்தைத்தான் பெர்மாஃப்ராஸ்ட், அதாவது நிலைத்த உறைநிலம் என்கிறோம். ஸ்வால்பார்டின் கடலோரப் பள்ளத்தாக்குகளில் இது சுமார் 100 மீட்டர் வரை ஆழம். மலைகளில் பல நூறு மீட்டர். மண்ணின் துளைகளில் இருக்கும் நீர் உறைந்துவிட்டதால் மேலே என்ன கொட்டினாலும் கீழே போகாது. கோடையில் மேலே ஒரு மீட்டர் அளவுக்கு இளகும், அவ்வளவுதான். உருகிய நீர் அதன் மேலேயே வழிந்து கடலுக்குப் போய்விடும்.

ஆனால் உறைநிலத்துக்குக் கீழே நீர் இருக்கிறது. பூமியின் உள்வெப்பம் அதை உறையவிடாமல் வைத்திருக்கிறது. மேலே மூடி போட்ட மாதிரி உறைநிலம் கிடக்கும்போது அந்த நீர் எங்கிருந்து வந்தது?

பனியாற்றின் அடியிலிருந்துதான். தடித்த பனியாறு ஒரு கம்பளி மாதிரி. மேலே காற்று மைனஸ் 20இல் இருந்தாலும் அந்தக் குளிர் அடிவரை எட்டாது. கீழிருந்து பூமியின் வெப்பம் வந்துகொண்டே இருக்கும், பனி நகரும் உராய்விலும் சூடு பிறக்கும். ஆக, பனியாற்றின் அடி உருகுநிலையில் நிற்கும். அதற்குக் கீழே உறைநிலமே இருக்காது. அந்தத் திறப்பு வழியாகத்தான் உருகிய நீர் பாறைக்குள் இறங்கி, உறைநிலத்துக்கு அடியில் நழுவி, பள்ளத்தாக்கை நோக்கிப் போகிறது. மேலே இருக்கும் பனியின் எடையும் அதைத் தள்ளிக்கொடுக்கிறது.

இப்போது அந்தப் பனியாறு மெலிந்து சுருங்கினால்? கம்பளி மெலிகிறது, குளிர் அடிவரை இறங்குகிறது, அடிப்பாகம் தரையோடு உறைந்துவிடுகிறது. நிலத்தடிக்குப் போய்க்கொண்டிருந்த குழாய் அடைபடுகிறது.

நீலவானம்:
இதை நான் மூன்று முறை படித்தேன். உலகம் சூடாவதால் பனியாறு மெலிகிறது. மெலிந்ததால் அதன் அடி *குளிர்ந்து* உறைகிறது. சரியாகப் புரிந்துகொண்டேனா?

படிவுப்பாறை:
சரியாகத்தான் புரிந்துகொண்டீர்கள். இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த காரணம். பனியாற்றின் மேல்பகுதியில் பழைய பனித்தூள் தளர்வாக, துளைகளோடு கிடக்கும். கோடையில் உருகும் நீர் அதற்குள் இறங்கி மறுபடி உறையும். நீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும் அல்லவா? பனியாற்றுக்கு உள்ளே சூடு சேர்வது அப்படித்தான். பருவநிலை சூடாகச் சூடாக அந்தத் தளர்ந்த பனி அடுக்கு தீர்ந்து, வழுவழுப்பான கட்டிப் பனி வெளியே தெரிய ஆரம்பிக்கும். உருகிய நீர் உள்ளே போக வழியில்லாமல் மேலேயே வழிந்தோடிவிடும். உள்ளே சேர வேண்டிய சூடும் அதோடு போய்விடும். ஸ்வால்பார்டின் சிறிய பனியாறுகள் சில ஏற்கனவே ஏறக்குறைய முழுவதுமாகக் குளிர்ந்து தரையோடு உறைந்து கிடக்கின்றன.

நி-ஓலசுண்ட் ஆராய்ச்சிக் குடியிருப்பு அருகே இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். 1960களில் மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம் ஒன்று அங்கே உண்டு. உறைநிலத்துக்குக் கீழே தோண்டியபோது நிலத்தடி நீர் உள்ளே வந்தது. பக்கத்துப் பனியாறுகளின் அடியில் இறங்கிய நீர்தான் அது என்று 1990களிலேயே நார்வே நீரியலாளர்கள் எழுதினார்கள். பனியாறுகள் சுருங்கினால் இந்த நீரும் குறையும் என்று 2010இல் மறுபடி எழுதினார்கள். நீங்கள் படித்த "குறையும்" இதுவாகத்தான் இருக்கும்.

வெண்பனி:
ஐயா சொன்னதன் மறுபக்கத்தை நான் சொல்கிறேன். மாணவியாக ஒரு களக் குழுவோடு இரண்டு மார்ச் மாதங்கள் ஸ்வால்பார்டில் இருந்திருக்கிறேன்.

பனியாற்றின் முகத்துக்கு முன்னால், அது விட்டுச்சென்ற கற்குவியலைத் தாண்டி இறங்கினால், பள்ளத்தாக்கின் தரையில் ஒரு பெரிய பனித்தட்டு கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் உறைந்த ஏரி மாதிரி. கிட்டே போனால் ஏரி இல்லை என்று தெரியும். அடுக்கடுக்காக, நீலமும் லேசான மஞ்சளுமாக, ஒன்றின் மேல் ஒன்று வழிந்து உறைந்தது. அங்கங்கே ஆள் உயரத்துக்குக் கொப்புளம் மாதிரி உப்பி வெடித்திருக்கும். ஐசிங் என்பார்கள். குளிர்காலம் முழுக்க நிலத்தடியிலிருந்து நீர் வந்து வந்து உறைந்ததால் உண்டானது அது.

வெளியே மைனஸ் 20 டிகிரி. மேலே எதுவுமே உருகவில்லை. வெண்கரடி வருகிறதா என்று ஒருவர் துப்பாக்கியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவர் கையால் சுற்றும் துளைப்பானை ஒரு கொப்புளத்தின் மேல் வைத்துச் சுற்றினோம். ஒரு கட்டத்தில் எதிர்ப்பே இல்லாமல் சடாரென்று உள்ளே இறங்கியது. அடுத்த நொடி நீர் பீறிட்டுக்கொண்டு மேலே வந்தது. நிற்கவே இல்லை. என் கையுறை நனைந்து அங்கேயே விறைத்துப்போனது. மண்டியிட்டுக் காதை வைத்தால் உள்ளே சலசலப்பு கேட்டது. அழுத்தத்தோடு, உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும் நீர்.

அந்த நீரில் குமிழிகள் இருந்தன. அதில் பெரும்பகுதி மீத்தேன்.

2023இல் *நேச்சர் ஜியோசயன்ஸ்* இதழில் வந்த ஆய்வு இதைப் பற்றியதுதான். கேப்ரியல் கிளீபர் தலைமையிலான குழு, நடு ஸ்வால்பார்டில் தரையில் முடியும் 78 பனியாறுகளின் முன்னால் 123 ஊற்றுகளைப் பார்த்தது. செயற்கைக்கோள் படத்தில் ஐசிங் நீலமாகத் தெரியும், அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எல்லா ஊற்றுகளிலும் காற்றோடு சமநிலையில் இருக்க வேண்டிய அளவைவிட அதிக மீத்தேன். சிலவற்றில் 6 லட்சம் மடங்குக்கும் மேல்.

நீலவானம் கேட்ட "புதிய ஊற்று" இதுதான். பனியாறு பின்வாங்கி முடித்த இடத்தில் தரை வெறுமையாகிறது. அந்தத் தரை பனிக்கு அடியில் இருந்தவரை உறையாமல் இருந்தது. இப்போது காற்று பட்டு மெல்ல உறைய ஆரம்பிக்கிறது. உறைந்து மூடுவதற்கு முன் ஆழத்து நீர் அந்தப் பலவீனமான இடத்தைத் தேடிப் பிடித்து வெளியே வந்துவிடுகிறது. ஓடிக்கொண்டே இருப்பதால் அந்த ஓட்டை உறைவதுமில்லை.

கணக்கன்:
வெண்பனி, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 6 லட்சம் மடங்கு என்பது ஊற்றுநீரில் இருக்கும் செறிவு. அதைப் படிக்கிறவர் வேறு மாதிரி புரிந்துகொள்வார். ஸ்வால்பார்ட் முழுவதற்கும் சேர்த்து அதே ஆய்வு போட்ட கணக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 2.31 கிலோடன், அதாவது 2,310 டன். உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறக்குறைய 60 கோடி டன் மீத்தேன் காற்றில் கலக்கிறது. அந்த ஊற்றுகளின் பங்கு லட்சத்தில் ஒன்றுகூட இல்லை. நிலத்தடி நீர் பற்றிய இழை இது, மீத்தேன் அச்சத்தில் திசைமாற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெண்பனி:
எண் சரி, ஒப்புக்கொள்கிறேன். நானே அதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும் அண்ணா.

ஒன்று, அந்த 2,310 டன் நார்வேயின் எண்ணெய், எரிவாயுத் தொழில் ஓர் ஆண்டில் வெளிவிடும் மீத்தேனில் சுமார் பத்தில் ஒரு பங்கு. ஒரு தீவுக்கூட்டத்தின் ஊற்றுகள் மட்டுமே தருவது. இதுவரை எந்தக் கணக்கிலும் சேராதது.

இரண்டு, இந்த மீத்தேன் நிலத்தடி நீரின் கதையிலிருந்து பிரிக்க முடியாதது. களிப்பாறையும் நிலக்கரியும் உள்ள இடங்களில்தான் அளவு அதிகம். பழைய பாறையில் அடைபட்ட வாயு நீரில் கரைந்து ஏறி வருகிறது. மேலே பனியும் உறைநிலமும் மூடியிருந்தவரை வெளியே வரவில்லை. நீர் வந்த பாதையைப் பற்றி வாயுவைவிட நல்ல சாட்சி வேறில்லை.

படிவுப்பாறை:
கணக்கனின் எச்சரிக்கை நியாயம். வெண்பனியின் இரண்டாவது விஷயமும் நியாயம். பழைய சாட்சி ஒன்று: பேரண்ட்ஸ் கடலின் தரையில் பெரும் பள்ளங்கள் இருக்கின்றன, சில ஒரு கிலோமீட்டர் வரை அகலம். சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே கிடந்த பனிப்போர்வை விலகியதும் அழுத்தம் குறைந்து, அடியில் தேங்கியிருந்த மீத்தேன் பிய்த்துக்கொண்டு வெளியேறியதில் உண்டானவை என்று 2017இல் *சயன்ஸ்* இதழில் எழுதினார்கள். இன்றைய ஊற்றுகளை அதோடு ஒப்பிடக் கூடாது. ஆனால் அழுத்தம் என்ற ஒரு சொல்லை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருகிறேன்.

தெற்குமுனை:
யாரும் தெற்குப் பக்கம் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்டார்க்டிகாவில் பனிக்கு அடியில் ஏரிகள் இருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரியும். அதற்கும் கீழே, படிவுகளுக்குள் எவ்வளவு நீர் என்பது 2022 வரை அளந்து பார்க்கப்படாத ஒன்று. மேற்கு அண்டார்க்டிகாவில் வில்லன்ஸ் பனியோடையின் (பனிப்போர்வைக்குள் வேகமாக நகரும் பனிப் பட்டை) மேல் குளோயி கஸ்டாஃப்சன் குழுவினர் மின்முனைகளைப் பனியில் புதைத்து, பூமியின் இயற்கையான மின்காந்த அலைகள் அடியில் எப்படிப் போகின்றன என்று கேட்டார்கள். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், நன்னீரும் பாறையும் கடத்தாது. கிடைத்த விடை: அரை கிலோமீட்டரிலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் வரை தடித்த படிவு, முழுக்க நீர். அதை அப்படியே பிழிந்து மேலே வைத்தால் 220 முதல் 820 மீட்டர் ஆழமுள்ள ஏரி நிற்கும். அந்தப் பகுதியில் பனிக்கு அடியில் இருக்கும் ஏரிகளின் ஆழம் 2 முதல் 15 மீட்டர் வரைதான் என்பதோடு சேர்த்துப் பாருங்கள்.

மேல்பகுதி நீர் நன்னீருக்குப் பக்கம், ஆழம் போகப் போக உப்பு. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பனி இன்னும் பின்னால் தள்ளி நின்ற காலத்தில் கடல் உள்ளே வந்துபோன தடம் அது.

கேள்விக்கு வருகிறேன். பனியின் எடை நீரைப் படிவுக்குள் திணித்து வைத்திருக்கிறது. பனி தடித்தால் இன்னும் உள்ளே போகும். மெலிந்தால் அந்த நீர் மேலேறி, பனியின் அடிக்கு வரும். 2023இல் வந்த கணினி மாதிரி ஆய்வு ஒன்று, இப்போது மெலிந்துகொண்டிருக்கும் இடங்களில் இது நடந்துகொண்டிருக்க வேண்டும் என்று காட்டியது. அடியில் நீர் கூடினால் பனி வழுக்கிக்கொண்டு வேகமாகக் கடலை நோக்கிப் போகலாம். எனக்கு இந்த இழையில் மிகவும் கவலை தருவது இதுதான். ஸ்வால்பார்டில் பனியாறு நிலத்தடி நீரை மாற்றுகிறது. இங்கே நிலத்தடி நீர் திரும்ப வந்து பனியாற்றை மாற்றக்கூடும்.

நீலவானம்:
அண்டார்க்டிகாவின் டெய்லர் பனியாற்றிலிருந்து சிவப்பாக வழியும் "ரத்த அருவி" இதோடு சேர்ந்ததா?

தெற்குமுனை:
ஆமாம், உறவுதான். கிரிஃபித் டெய்லர் 1911இல் பார்த்தது. அது இரும்பு கலந்த கடும் உப்புநீர். காற்றுப் பட்டதும் இரும்பு துருப்பிடித்துச் சிவக்கிறது. உப்பு அதிகம் என்பதால் உறைநிலைக்குக் கீழும் திரவமாகவே இருக்கும். 2011இல் ஹெலிகாப்டரில் தொங்கவிட்ட கருவியால் அளந்தபோது, இதே மாதிரி உப்புநீர் பள்ளத்தாக்கின் உறைநிலத்துக்கு அடியில் பரந்து கிடப்பது தெரிந்தது. ஆனால் அங்கே பனியாறு பெரிதாகப் பின்வாங்கவில்லை. அதனால் நம் கேள்விக்கு அது நேர் உதாரணம் இல்லை.

மழைக்குருவி:
என் முதல் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். அழிக்கவில்லை, அங்கேயே இருக்கட்டும்.

இன்னொரு வகையும் உண்டு, உறைநிலமே இல்லாத இடம். ஐஸ்லாந்தின் தெற்கே ஸ்கெய்தாரார்சாந்தூர் என்ற பரந்த கருமணல் வெளி. அதன் தலைமாட்டில் பெரிய பனியாறு. 1974இல் அங்கே ஓடிய ஸ்கெய்தாரா ஆற்றின் மேல் 880 மீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டினார்கள். பனியாறு பின்வாங்கியது. 2009இல் உருகுநீர் மேற்கே இருந்த தாழ்வான வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு வேறு ஆற்றில் போய்ச் சேர்ந்தது. பாலம் வெறும் மணல்மேல் நிற்கிறது. மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்த நீரும் குறைந்தது, நிலத்தடி மட்டம் தாழ்ந்தது, அதை நம்பியிருந்த சிறு குட்டைகளும் கசிவு ஓடைகளும் வற்றிச் சுருங்கின. பனியாறு இன்னும் உருகிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்த மணலுக்கு நீர் இல்லை. உருகும் நீரின் அளவு மட்டும் போதாது, அது எந்த வழியாகப் போகிறது என்பதும் வேண்டும் என்று இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

படிவுப்பாறை:
மழைக்குருவிக்கு நன்றி. அந்தப் பாலத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

அழுத்தத்துக்கு வருகிறேன் என்றேன். 1,000 மீட்டர் தடித்த பனி, அடியில் சுமார் 900 மீட்டர் உயர நீர்த்தொட்டி தரும் அழுத்தத்தைத் தரும். ஒரு பனிப்போர்வை இருக்கும் காலத்தில் நீரை அது பாறைக்குள் எவ்வளவு ஆழம் தள்ளும் என்பதற்கு வட எஸ்தோனியாவின் ஆழ்நீர்த்தாங்கியே சான்று. பனியுக உருகுநீர் அங்கே இன்றும் கிடக்கிறது, நீரில் இருக்கும் ஆக்சிஜன் ஐசோடோப்பு (எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணு வகை) அதைக் காட்டிக்கொடுக்கிறது.

கிரீன்லாந்தில் இதை நேரடியாக அளந்தார்கள். ஸ்வீடன், ஃபின்லாந்து, கனடா நாடுகளின் அணுக்கழிவு அமைப்புகள் சேர்ந்து நடத்திய திட்டம். அணுக்கழிவைப் பாறைக்குள் புதைத்தால் அடுத்த பனியுகத்தில் நிலத்தடி நீர் என்ன செய்யும் என்பது அவர்களுடைய கவலை. 2011இல் காங்கர்லுஸ்ஸுவாக் அருகே பனிப்போர்வையின் ஓரத்தில் 651 மீட்டர் நீளத்துக்கு, சாய்வாக, உறைநிலத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கி சென்சார்களை வைத்தார்கள். எட்டு ஆண்டுகள் அளந்த முடிவு 2021இல் வந்தது. ஆழப்பாறை நீர் மந்தமானது, ஆயிரம் ஆண்டுக் கணக்கில்தான் அசையும் என்று நினைத்திருந்தோம். அப்படி இல்லை. பனி மெலிவதற்கு ஏற்ப ஆண்டுக்கு ஆண்டு அழுத்தம் இறங்கியது. கோடையில் ஒரு மாதிரி, குளிரில் ஒரு மாதிரி. ஒரே நாளுக்குள் பகலில் உருகல் கூடிக் குறைவதைக்கூட அந்த ஆழத்து நீர் உணர்ந்தது.

இதை முதல்முறை படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நூற்றுக்கணக்கான மீட்டர் பாறைக்கு அடியில் இருக்கும் நீருக்கு, மேலே இன்று வெயில் அடித்தது தெரிகிறது.

கணக்கன்:
மனிதர்களுக்கு என்ன பாதிப்பு என்று யாரும் தொடவில்லை. துருவத்தில் யாராவது நிலத்தடி நீரைக் குடிக்கிறார்களா?

வெண்பனி:
ஸ்வால்பார்டில் பெரும்பாலும் இல்லை. அங்குள்ள பெரிய ஊரான லாங்கியர்பியனில் ஏரி நீரைத்தான் எடுக்கிறார்கள், குளிரில் அடிவரை உறையாத அளவுக்கு அது ஆழம். பாதிப்பு குடிநீரைவிட ஆற்றிலும் ஃபியோர்டிலும்தான் (மலைகளுக்கு நடுவே நுழையும் கடல்) அதிகம். குளிர்காலத்தில் ஆறெல்லாம் நின்றுபோன பிறகு, பாறையிலிருந்து கரைந்த இரும்பையும் சல்ஃபேட்டையும் சுமந்துகொண்டு ஓடுவது இந்த ஊற்று நீர் மட்டுமே. அலாஸ்காவின் வட சரிவில் டாலி வார்டன் மீன்கள் குளிரைக் கழிப்பதே உறையாத ஊற்றுகளின் மடுக்களில்தான். அந்த ஊற்றுகள் எல்லாம் பனியாற்றிலிருந்து வருபவை அல்ல. ஆனால் துருவத்தில் ஒரு ஊற்று ஓர் உயிருக்கு என்னவாக இருக்கிறது என்பதை அந்த மீனிடம்தான் பார்க்க வேண்டும்.

நீலவானம்:
என் கேள்விக்கு எனக்குப் புரிந்த வரை: ஸ்வால்பார்டில் முதலில் ஊற்று பிறக்கிறது, அதே நேரம் மேலே அதற்கு நீர் தரும் வழி அடைபடுகிறது. இரண்டும் ஒரே பனியாற்றில். அப்படியானால் வெண்பனி துளையிட்ட அந்த ஊற்று இன்னும் எத்தனை காலம் ஓடும்?

வெண்பனி:
தெரிந்துகொள்ளத்தான் இரண்டாவது ஆண்டும் அதே இடத்துக்குப் போனோம் அண்ணா. பனியாற்றின் முகம் இன்னும் மேலே ஏறியிருந்தது. முதல் ஆண்டு அடையாளத்துக்குக் குத்திய குச்சியை நடையிலேயே கண்டுபிடித்துவிட்டேன், ஐசிங் அதுவரை எட்டவில்லை. கொப்புளம் இருந்த இடத்தில் சரளைக் கல் வெறுமையாகக் கிடந்தது. சற்று மேலே, பனி விலகிய புதிய தரையில், வேறொரு கொப்புளம். சிறியது. துளையிட்டோம். நீர் வந்தது, ஆனால் பீறிடவில்லை. துளையின் விளிம்புவரை ஏறி, அங்கேயே நின்று, மெல்ல உறைய ஆரம்பித்தது.